நேரில் பார்க்காதவர் கையெழுத்து

உங்கள் கைக்கு வரும் பனி வரைபடப் படிவத்தின் அடியில், இடது மூலையில், ‘நேரில் பார்க்காதவர் கையெழுத்து’ என்று ஒரு கட்டம் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். எந்த அலுவலகத்திலாவது பார்க்காத ஆளைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவார்களா என்று ஒருவரை ஒருவர் கேட்டிருப்பீர்கள். அந்தக் கட்டம் என்னால் வந்தது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் அங்கே என் பெயர் பலருக்குத் தெரியாதாம். ‘அந்தக் கட்டத்து மேடம்’ என்றால்தான் தெரியுமாம். கதை கைமாறிக் கைமாறி அதில் நான் ஒரு தியாகி ஆகிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். அது சுத்தப் பொய். அன்றைக்கு நான் பயந்துதான் போனேன். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை நம் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சாமான்களும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் அண்டார்டிகாவுக்குப் போய் வரும். செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் படத்தைப் பார்த்து, எது தண்ணீர், எது பனி, கப்பல் எந்த வழியாகப் போகலாம் என்று வரைந்து அனுப்புவது எங்கள் பிரிவின் வேலை. நான் சொல்லப்போகும் நாள் வரை பதினோரு வருடம் அதைச் செய்திருந்தேன். அந்தப் பதினோரு வருடத்தில் எனக்கு மிக அருகில் இருந்த பனி, ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது. அதையும் என் மகள்தான் கரண்டியால் சுரண்டி எடுப்பாள்.

எங்களுக்கென்று தனிப் படிவம் கிடையாது. பக்கத்து அறையில் பயிர்க் கணக்கெடுப்புப் பிரிவு இருந்தது. அவர்கள் செயற்கைக்கோள் படத்தில் நெல் எது, பருத்தி எது என்று குறித்துவிட்டு, ஜீப்பில் போய் வயலில் இறங்கிச் சரிபார்த்து வருவார்கள். அவர்களுடைய படிவத்தைத்தான் எங்களுக்கும் கொடுத்திருந்தார்கள். ‘மாவட்டம்’ என்ற இடத்தில் தென் பெருங்கடல் என்று எழுதுவோம். ‘பயிர்’ என்ற இடத்தில் கடல்பனி. ‘பயிரின் பருவம்’ என்பது மட்டும் எங்களுக்கு வசதியாக அமைந்தது; இளம்பனி, ஓராண்டுப் பனி, முதிர்ந்த பனி என்று நிரப்பிவிடலாம். ‘பாசனம்’ என்ற இடத்தில் ‘போதுமானது’ என்று போடுவோம், சுற்றிலும் கடல்தானே. ‘பூச்சித் தாக்குதல்’ என்ற இடத்தில் ‘இல்லை’. ஒரு வருடம் எங்களில் ஒருவர் விளையாட்டாக ‘பெங்குவின், மிதமான அளவில்’ என்று எழுதிவிட்டார். படிவத்தின் நகல் எங்கெங்கோ சுற்றி, என்ன மருந்து தெளிக்கப் பரிந்துரைக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பதில் எழுத எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது.

கடைசிக் கட்டம்தான் வில்லங்கம். ‘நேரில் பார்த்து உறுதி செய்தவர் கையெழுத்து.’

முதல் வருடம் அதைக் காலியாக விட்டேன். வரைபடத்தை வெளியே அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவின் சூப்பரின்டென்ட், மிகவும் நல்ல மனிதர், மூன்று தடவை திருப்பி அனுப்பினார். “காலி உண்டகூடது, மேடம்” என்றார். கட்டம் காலியாக இருக்கக் கூடாது. அவருக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். ‘பொருந்தாது’ என்று எழுதிக் கொடுத்தேன். நேரடி ஆய்வு பொருந்தாத பயிர் என்று எதுவும் இல்லை, சுற்றறிக்கை இருக்கிறது என்று அதையும் திருப்பினார். அதற்குள் கப்பல் அங்கே இரண்டு நாளாக வரைபடத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது.

எங்கள் பிரிவுத் தலைவரிடம் போனேன். அவர் தமிழர்தான், செகந்திராபாத் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அவர் பேசுவது எந்த ஊர்த் தமிழ் என்று திருச்சிக்காரியான எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை; நடுநடுவே ஹைதராபாத் உருது வரும், ‘கைக்கு’ என்றால் எதற்கு, ‘ஹவ்’ என்றால் ஆமாம், ‘நக்கோ’ என்றால் வேண்டாம்.

“கைக்கு மா இவ்வளவு டென்ஷன்?” என்றார். “படத்தைப் பார்த்தீங்களா இல்லையா?”

“பார்த்தேன் சார். கம்ப்யூட்டர்ல.”

“உங்க கண்ணாலதானே?”

“ஆமா சார்.”

“ஹவ். அப்புறம் என்ன, போடுங்க.”

போட்டேன். முதல் தடவை கை கூசியது. பத்தாவது தடவை கூசவில்லை. அதற்கப்புறம் அந்தக் கட்டம் என் கண்ணிலேயே படவில்லை. பதினோரு வருடமும், கப்பல் போகும் மாதங்களில் வாரா வாரம், காலை ஒன்பது மணிக்கு ஹைதராபாத்தில் விரல் ரேகை வைத்துவிட்டு, பதினோரு மணிக்கு அண்டார்டிகாவை நேரில் பார்த்து உறுதி செய்தேன்.

இனி அந்த மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை.

ஊரில் வெயில் தொடங்கிவிட்டது. அலுவலகத்தில் ஏசி கெட்டுப்போய், ஆளுக்கொரு ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு அந்த வாரம் மனசெல்லாம் வேறொரு விஷயத்தில் இருந்தது. தலைவர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு என் பெயர் முடிவாகிவிட்டது. திங்கட்கிழமை உத்தரவு வர வேண்டும். இருபத்தெட்டு வருட சர்வீஸ். எனக்கு அது வேண்டும் என்று மிகவும் ஆசையாக இருந்தது. இதைச் சொல்லக் கூச்சப்படவில்லை, சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியாது.

கப்பல் அங்கே திரும்பும் பயணத்தில் இருந்தது. நிலையத்தில் ஒரு வருடம் தங்கியிருந்தவர்கள், கப்பல் ஆட்கள் எல்லாருமாக முப்பத்து நான்கு பேர். வந்த வழி மூடிக்கொண்டுவிட்டது. குளிர்காலம் ஆரம்பிக்கிறது, நாளுக்கு நாள் கடல் உறையும். இன்னும் சில நாளில் வெளியே வராவிட்டால், வசந்தம் வரும் வரை அங்கேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். நான் வியாழக்கிழமைப் படத்தில் வடக்கே நீண்டு போகும் ஒரு கருப்புப் பட்டையைக் கண்டுபிடித்து, அது திறந்த தண்ணீர், அதன் வழியாக வெளியேறலாம் என்று வரைந்து அனுப்பியிருந்தேன். மேற்கே வெள்ளையாகத் தெரிந்த பகுதியை முதிர்ந்த பனி, கிட்டே போகாதீர்கள் என்று குறித்திருந்தேன். அழகான வரைபடம். மூலையில் என் கையெழுத்து.

பகல் பன்னிரண்டரைக்கு சூப்பரின்டென்ட் ஓடி வந்தார். வெளிநாட்டு அழைப்பு வரும் தொலைபேசி அவர் மேசையில் மட்டும்தான் உண்டு. கப்பலிலிருந்து கேப்டன் பேசுகிறாராம். பதினோரு வருடத்தில் கப்பலிலிருந்து எங்களுக்கு ஒரு வார்த்தை வந்தது கிடையாது. வரைபடம் கிடைத்தது என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். தலைவரும் பின்னாலேயே வந்துவிட்டார். ஒலிபெருக்கியைப் போட்டார்கள். கரகரப்புக்கு நடுவே தமிழ் வந்தது.

“கப்பல் கேப்டன் பேசுதேன். தூத்துக்குடிக்காரன்தான். அங்க தமிழ் ஆளு இருக்காங்கன்னு சொன்னாக. நேர்ல பாத்து கையெழுத்து போட்டிருக்காகல்லா, அந்த மேடம் இருக்காங்களா?”

“நான்தான் சார்.”

“நல்லதாப் போச்சு. மேடம், ஒரே ஒரு கேள்வி. வடக்க ஒரு வழி போட்டிருக்கீயல்லா, அதுக்குள்ள இன்னும் ரெண்டு மணி நேரத்துல நொழையப் போறேன். எங்க ஹெலிகாப்டர் பறக்க முடியல, பாக்க ஆள் இல்ல. நீங்க மேல இருந்து பாத்தப்போ தண்ணி என்ன கலர்ல கெடந்துச்சு? கருப்பாவா, சாம்பலாவா?”

கப்பல்காரர்களுக்கு அந்தக் கேள்வி உயிர் போகிற கேள்வி. கருப்பென்றால் தண்ணீர். சாம்பல் என்றால் உறைந்துவிட்டது. பார்த்தவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்.

எனக்கும் வார்த்தை நுனிநாக்கில் இருந்தது. கருப்பு. என் படத்தில் அது கருப்புத்தான், தார் ரோடு மாதிரிக் கருப்பு. ஆனால் ரேடார் படத்தில் நிறம் என்பதே கிடையாது. வழுவழுப்பாக இருப்பது கருப்பாக விழும், கரடுமுரடாக இருப்பது வெள்ளையாக விழும், அவ்வளவுதான். காற்றில்லாமல் அசையாத தண்ணீரும் கருப்பு. கண்ணாடி மாதிரி உறைந்த பனியும் கருப்பு. முட்டி மோதி உடைந்த பழைய பனியும் வெள்ளை. காற்றடித்து அலை எழும்பும் தண்ணீரும் வெள்ளை. எது எது என்று பிரித்துச் சொல்லத்தான் நமக்கு இங்கே வேலை. அந்த இடத்தில் காற்றே இல்லை என்று வானிலைக் கணக்கு சொன்னது. அதை நம்பித்தான் கருப்பைத் தண்ணீர் என்று போட்டேன்.

தலைவர் எனக்கு எதிரே நின்று, தன் தலைமுடியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கருப்பென்று சொல்லச் சொல்கிறார். அவர் சாயம் அடிப்பவர் என்பது அந்த நேரத்திலும் எனக்கு ஞாபகம் வந்தது. சூப்பரின்டென்ட் கையில் படிவத்தின் நகலை வைத்துக்கொண்டு, என் கையெழுத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திங்கட்கிழமை உத்தரவு என் கண் முன்னால் வந்து நின்றது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அதையும் நினைத்தேன், முப்பத்து நான்கு பேரையும் நினைத்தேன், இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்தேன்.

“சார், நான் பார்க்கல” என்றேன்.

“என்ன மேடம்?”

“நான் நேர்ல பார்க்கல சார்.”

“அப்போ யாரு பாத்தா?”

“யாருமே பார்க்கல.”

“கையெழுத்து?”

“என்னோடதுதான்.”

தலைவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து, “நக்கோ மா, நக்கோ” என்று முனகினார்.

“ஏரோப்பிளேன்ல பறந்து பாக்கீயன்னுல்லா இத்தன வருஷமா நெனச்சிட்டிருக்கேன்” என்றார் கேப்டன். “அப்போ இப்ப நீங்க எங்கதான் இருக்கீய?”

“ஹைதராபாத்ல.”

“ஹைதராபாத்ல எங்க?”

“ஆபீஸ்ல சார். வீடு ஏ.எஸ்.ராவ் நகர்.”

“ஏ.எஸ்.ராவ் நகரா? எங்க மச்சினன் அங்கதான மேடம் இருக்கான்!”

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அப்புறம் அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அதை நான் எழுதப் போவதில்லை, ஆனால் அதைச் சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

நான் கேட்டேன். “சார், உங்களுக்கு அங்க காத்து எப்படி இருக்கு?”

“காத்தா? முந்தாநாள்ல இருந்து பிச்சு எறியுது. டெக்குல நிக்க முடியல. அதனாலதான ஹெலிகாப்டரே பறக்கல!”

வியாழக்கிழமைப் படம் எடுத்தபோதும் காற்று அடித்திருக்கிறது. காற்றடித்தால் திறந்த தண்ணீர் அலை எழும்பி வெள்ளையாக விழ வேண்டும். அந்த வேகத்திலும் கருப்பாகவே கிடந்தது தண்ணீராக இருக்க முடியாது.

“சார், வடக்கே நான் போட்டது வழி இல்ல. அது வழுவழுன்னு உறைஞ்ச பனி. நுழையாதீங்க.” உடனே கேட்டேன். “மேற்கே வானம் எப்படித் தெரியுது?”

அப்புறம் அவர் பேசியது வேறு மாதிரி இருந்தது, மெதுவாக.

“மேக்க மேகத்துக்கு அடிவயிறு கருப்பா இருக்கு மேடம். வடக்க வெள்ளையா பளபளங்குது.”

பனிக்கு மேலே மேகம் வெளுத்துத் தெரியும், தண்ணீருக்கு மேலே கறுத்துத் தெரியும். அது கேப்டனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்த விஷயம். எத்தனையோ தடவை அதைப் பார்த்தே கப்பல் ஓட்டியவர்.

“சார், அது தெரிஞ்சுமா வடக்கே போகப் பார்த்தீங்க?”

“நேத்தைக்கே பாத்தேன் மேடம். எனக்கும் மேக்கதான் தண்ணின்னு தோணுச்சு. நேர்ல பாத்தவங்க பனின்னு கையெழுத்தே போட்டிருக்காங்க, நாம கீழ நின்னுகிட்டு மேகத்தப் பாத்துச் சொல்லுதது சரியா இருக்காதுன்னு விட்டுட்டேன்.”

அங்கேயே நின்று தன் கண்ணால் பார்த்தவர், இரண்டு பெருங்கடல் தள்ளி ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்த என்னை நம்பித் தன் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறார். பதினோரு வருடமாகக் கப்பலிலிருந்து ஒரு வார்த்தையும் வராததற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. எல்லாம் பார்த்துவிட்ட ஆளிடம் போய் யார் காற்று எப்படி, மேகம் எப்படி என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்? தப்பான வரைபடம் போட்டதற்காக நான் அவ்வளவு வெட்கப்படவில்லை. அது எல்லாருக்கும் வரும், உங்களுக்கும் வரும். அவருடைய வாயை அடைத்து வைத்தேனே, அதற்குத்தான் வெட்கப்பட்டேன்.

ஒரு மணி நேரத்தில் புது வரைபடம் போட்டேன். பழையதில் தண்ணீராக இருந்தது புதியதில் பனி. பனியாக இருந்தது தண்ணீர். ஒரு சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்ட மாதிரி இருந்தது. கேப்டனுக்கு மேற்கே எங்கே தண்ணீர் முடிந்து எங்கே பாறை மாதிரிப் பனி தொடங்குகிறது என்ற எல்லைகள் அவசரமாக வேண்டும். அது அவர் கண்ணுக்கு எட்டாது. நம் படத்துக்குத்தான் எட்டும்.

படிவத்தின் கடைசிக் கட்டத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக, உண்மையை எழுதினேன். ‘நேரில் பார்த்தவர்: கப்பல் கேப்டன், மேல்தளத்திலிருந்து.’

சூப்பரின்டென்ட் வாங்கிப் பார்த்தார். “சந்தகம் லேது, மேடம்” என்றார். கையெழுத்து இல்லை.

“அவர் கப்பல்ல இருக்கார் சார்!”

கையெழுத்து இல்லாமல் வரைபடம் வெளியே போகக் கூடாது. அவர் பிடித்த பிடியில் நின்றார். தலைவர் எழுந்து, என்னையே போடச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். கடிகாரத்தில் இரண்டேகால். நான் சூப்பரின்டென்ட் மேசையில் ஓங்கித் தட்டினேன். அந்த மனிதர் அசையவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், விதிப் புத்தகத்தை எடுத்து நாலைந்து பக்கம் புரட்டினார். அப்புறம் முகம் மலர்ந்து சொன்னார்.

“கானி, சந்தகம் கோசம் பம்பொச்சு, மேடம்!”

ஆனால், கையெழுத்து வாங்குவதற்காக அனுப்பலாம். அதற்குத் தடை இல்லை. ஆக, கப்பலுக்கு அனுப்ப அனுமதியில்லாத வரைபடம், அனுமதிக்குத் தேவையான கையெழுத்தை வாங்குவதற்காக, அதே கப்பலுக்கு அனுப்பப்பட்டது. அவரே தன் கையால் மின்னஞ்சலில் ஏற்றி, ‘கையெழுத்துக்காக மட்டும்; பயன்படுத்தக் கூடாது’ என்று மேலே முத்திரையும் வைத்து அனுப்பினார். கேப்டன் பயன்படுத்திவிட்டார். மூன்றாம் நாள் கப்பல் மேற்கு வழியாகத் திறந்த கடலுக்கு வந்துவிட்டதாகச் செய்தி வந்தபோது, முதலில் கைதட்டியது சூப்பரின்டென்ட்தான்.

திங்கட்கிழமை உத்தரவு வரவில்லை. விசாரணைக் கடிதம் வந்தது. அதில் ஒரு வரி எனக்கு மனப்பாடம். ‘மேற்படி அலுவலர் ஒரே நாளில் ஹைதராபாத்தில் வருகைப் பதிவு செய்தும், அண்டார்டிகாவில் நேரடி ஆய்வு செய்தும் கையெழுத்திட்டுள்ளார். இவ்விரண்டில் எந்த இடத்தில் அவர் இல்லாமல் இருந்தார் என்பதை விளக்கவும்.’ அண்டார்டிகாவில் என்று பதில் எழுதினேன். அண்டார்டிகாவில் இல்லாமல் இருப்பதற்கு முன் அனுமதி பெறவில்லை என்று குறிப்பெழுதினார்கள். நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. பணிப்பதிவேட்டில் கண்டனம் ஏறியது. அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது வீட்டுக்குப் பக்கத்தில் ஈ.சி.ஐ.எல். முனை திரும்பும் வரை அழுதுகொண்டே வந்தேன். வீட்டில் என் மகள் தமிழில் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, வழக்கம்போலத் தெலுங்கில், “நுவ்வு கரெக்டே சேசாவும்மா” என்றாள். நீ சரியாகத்தான் செய்தாய். பதினோரு வருடம் தப்பாகச் செய்தேன், ஒரு மத்தியானம் சரியாகச் செய்தேன் என்றேன்.

விசாரணைக் குழுவின் பரிந்துரைப்படி புதுச் சுற்றறிக்கை வந்தது. பழைய கட்டத்தை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை, பக்கத்தில் இன்னொரு கட்டத்தைச் சேர்த்தார்கள். அதுதான் நீங்கள் சிரித்த கட்டம். ஓய்வு பெறும் வரை அதில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். வரைபடம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே கப்பலிலிருந்து பதில் வந்துவிடும்: காற்று இப்படி, மேகம் அப்படி, நீங்கள் பனி என்று போட்ட இடத்தில் பறவை உட்கார்ந்து மீன் பிடிக்கிறது, கொஞ்சம் பாருங்கள். தயவுசெய்து அந்தக் கட்டத்தைக் கிண்டல் செய்துவிட்டுக் காலியாக விடாதீர்கள்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். கையெழுத்துக்காகப் போன படிவம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். கப்பல் துறைமுகம் சேர்ந்தபின் தபாலில் வந்தது. ‘நேரில் பார்த்தவர்’ என்ற கட்டத்தில் கேப்டனின் கையெழுத்து. அதன் கீழே, சின்ன எழுத்தில் தமிழில், முப்பத்து நான்கு பேரும் கரையில் என்று எழுதியிருந்தார். ‘பூச்சித் தாக்குதல்’ என்ற இடத்தில் ‘பெங்குவின், மிதமான அளவில்’. பழைய கதை கப்பல் வரைக்கும் போயிருக்கிறது.

சூப்பரின்டென்ட் அதை வாங்கி மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நடுவில் ஒரு கட்டத்தை யாரும் நிரப்பவில்லையாம். அவசரத்தில் நானும் விட்டிருக்கிறேன், கேப்டனும் விட்டிருக்கிறார்.

“காலி உண்டகூடது, மேடம்.”

பேனாவை வாங்கி, அவர் மேசையிலேயே குனிந்து, ‘பாசனம்’ என்பதற்கு எதிரே ‘போதுமானது’ என்று எழுதிக் கொடுத்தேன்.